நிறைகுடத்துக்கு மேலே ஒரு கூடை

ஈஸ்டர் வந்துவிட்டால் நோர்வேக்காரரை ஒஸ்லோவில் பிடிக்க முடியாது. சறுக்குக்கட்டையைக் கார்க்கூரையில் கட்டி, ஒரு பை தோடம்பழமும் வாங்கிக்கொண்டு மலைவீட்டுக்கு ஏறிவிடுவார்கள். கடை பூட்டு, கந்தோர் பூட்டு, விளையாட்டு மண்டபங்கள் எல்லாம் பூட்டு. அந்த நாட்களில் நகரத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நடமாடுகிறவர்கள் நம்மவர்கள்தான். மண்டபம் சும்மா கிடக்கிறது, எல்லாருக்கும் லீவு, இதைவிட நல்ல நாள் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் இருக்கும் சத்தியபாமாவும் அப்படித்தான் யோசித்து, மகள் யாழ் வயதுக்கு வந்ததற்கான சாமத்தியச் சடங்கை ஈஸ்டர் சனிக்கிழமைக்கு வைத்தார்.

ஜெர்மனியிலிருந்து அவருடைய தமக்கை குடும்பமாக வந்திருக்க வேண்டும். தமக்கையின் கணவருக்கு முழங்காலில் ஒபரேசன் நடந்ததால் இருவரும் ஹாகனிலேயே நின்றுவிட்டார்கள். பெரியம்மா வீட்டுச் சார்பில் வந்து இறங்கியது மகள் ஆரணி மட்டும்தான். ஒரு தோளில் யாழுக்கு உடுத்தக் கொண்டுவந்த கூறைப்பட்டு, மறு தோளில் கூடைப்பந்தும் சப்பாத்தும். வெள்ளிக்கிழமை மாலை அவள் கதவுக்குள் நுழைந்ததும், சத்தியபாமாவின் கணவர் இளங்கோவின் தமக்கை ஜெயகுமாரி மாமி நிமிர்ந்து பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை இன்னும் வளருதோ?"

"இல்லை மாமி, நிப்பாட்டிப்போட்டன்."

"நல்லது. இதுக்கு மேலை வளந்தால் மாப்பிள்ளையை ஏணி வைச்சுத்தான் தாலி கட்டச் சொல்லவேணும்."

ஆரணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மனம் முழுவதும் மறுநாள் காலையிலேயே நின்றது.

ஹாகனில் பிறந்த பிள்ளை அவள். அந்த ஊருக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். பள்ளிக்கூட அணி, பிறகு கழகம், பிறகு ஜெர்மனியின் இளையோர் அணி என்று ஏறி, பதினெட்டு வயதில் அமெரிக்காவுக்குப் போனாள். ஒகையோவில் ஒரு கல்லூரி, படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தந்து கூப்பிட்டது. முதல் வருடம் களத்துக்கு வெளியே வாங்கிலில் இருந்து மற்றவர்களுக்குக் கைதட்டினாள். இரண்டாம் வருடம் ஆடினாள். நன்றாகவும் ஆடினாள். குறை ஒன்றுதான். கூடைக்கு நேரே தடுக்க ஆளில்லாமல் நின்றாலும் எறியமாட்டாள், பந்தைப் பக்கத்தில் நிற்பவளுக்குக் கொடுத்துவிடுவாள். தவறிவிட்டால் என்ற பயம். விருந்துக்குப் போன வீட்டில் தட்டிலிருக்கிற கடைசி வடையை எடுக்கக் கூச்சப்படுகிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கூச்சம். பங்குனியில் அங்கே புதிய பயிற்சியாளர் ஒருவர் வந்தார். அவர் ஆரணியைக் கூப்பிட்டு, எறியத் தெரிந்தும் எறியாதவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, வேறு கல்லூரி பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

பார்த்தாள். தன் ஆட்டத்தின் வீடியோக்களை இருக்கிற கல்லூரிகளுக்கெல்லாம் அனுப்பினாள். மொன்டானாவிலிருந்து மட்டும் பதில் வந்தது. அந்த அணியின் துணைப் பயிற்சியாளன் ஜோனாஸ் ஒஸ்லோக்காரன். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வருகிறான், சனிக்கிழமை பிற்பகல் வடகோடி ஹம்மர்பெஸ்டில் இருக்கும் தாயிடம் பறக்கிறான். காலையில் ஒரு மணித்தியாலம் தருகிறேன், மண்டபத்தை நீ ஒழுங்கு செய் என்று எழுதியிருந்தான். அணியில் இருந்தது ஓர் இடம். அதைக் கேட்டு வேறு பிள்ளைகளும் நின்றார்கள். இதுவும் கை நழுவினால் படிப்பும் பாதியில், ஆட்டமும் பாதியில். ஹாகனுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஈஸ்டரில் எந்த மண்டபம் திறந்திருக்கும்? தொலைபேசியில் இதைக் கேட்டதும் சித்தப்பா இளங்கோ நெஞ்சைத் தட்டினார்.

"மண்டபத்தின்ரை திறப்பு என்ரை சட்டைப்பைக்குள்ளை கிடக்குது, பிள்ளை. கார்டிலை பன்னிரண்டு எண்டு அடிச்சிருக்கு. எங்கடை சனம் பன்னிரண்டுக்குத்தான் குளிக்கவே போகும். ஒன்பதரைக்கு உன்ரை ஆளை வரச்சொல்லு. கூடை இருக்கு, வெளிச்சம் இருக்கு, தேத்தண்ணியும் தாறன்."

சித்தப்பா பொய் சொல்லவில்லை. யோசிக்காமல் சொன்னார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, ஈரப்பனி கொட்டக் கொட்ட ஓடிவந்து மண்டபக் கதவைத் திறந்த ஆரணி அப்படியே நின்றுவிட்டாள். மேற்குச் சுவரில் கூடை இருந்தது. கூடைக்குக் கீழே ஒரு மேடை. மேடையில் பொன் பூசிய சிங்கக் கைப்பிடி வைத்த சிவப்புக் கதிரை. அதைச் சுற்றி பிளாஸ்டிக் ரோசாப்பூ வளைவு, அதன் உச்சி கூடையின் வலையைத் தொட்டும் தொடாமலும். வெஸ்ட்லியிலிருந்து வந்த சோடனைக்காரர் பிரசாந்தன், பிற்பகல் வேறோர் இடத்திலும் வேலை இருந்ததால், விடியவே வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கத்துக் கூடை கூரையோடு மடிந்து கிடந்தது. அதை இறக்கும் மின்திறப்பு மண்டபக் காவலரிடம். காவலர் மலைவீட்டில்.

"சித்தி, இதென்ன கூடைக்கு நேர கீழை..."

"பிள்ளையைக் கிழக்குப் பாத்து இருத்தவேணும். அப்ப மேற்குச் சுவரோடைதானே வைக்கலாம்?" சத்தியபாமா சித்தி பூச்சரத்தைச் சரிசெய்தபடியே சொன்னார்.

"ஒரு மணித்தியாலம் மட்டும் தள்ளி வைக்கேலாதோ?"

சித்தி திரும்பினார். மேடையின் முன்னால் விரித்திருந்த வாழையிலையைக் காட்டினார். இலையில் பச்சரிசி, அரிசியின் மேல் நீர் நிறைந்த பித்தளைக் குடம், வாயில் மாவிலை, அதன் மேல் மஞ்சள் பூசிய தேங்காய். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது.

"நிறைகுடம் வைச்சாச்சு. ஒன்பதுக்கு ராகுகாலம் துடங்கிவிடும் எண்டு ஓடி ஓடி வைச்சனான். வைச்ச குடத்தைக் காரியம் முடியுமட்டும் அசைக்கேலாது. குடத்துக்குப் பின்னாலை இருக்கிற கதிரையையும் அசைக்கேலாது."

அந்த ராகுகாலம் கொழும்பில் அச்சடித்த நாட்காட்டியில் இருந்தது. ஒஸ்லோவின் சூரியன் அந்த நாட்காட்டியைப் பார்த்ததே இல்லை. ஆனால் சித்தியிடம் அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல்? சித்தப்பா சுவரைப் பார்த்தார். ஜெயகுமாரி மாமி தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

சித்தியைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிடலாம், சொன்னால் அது அநியாயம். சித்தி பெரியபிள்ளையானது இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், குடம் இல்லாமல், பக்கத்துக் குடும்பத்திடம் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வார்த்தார்கள். மகளுக்கு ஒன்றும் குறையக்கூடாது என்று பித்தளைக் குடத்தை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்திருந்தார். இது ஆரணிக்கும் தெரியும். அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். அதனால்தான் அவளுக்குக் கோபமும் வரவில்லை, வேறு வழியும் தெரியவில்லை.

ஒன்பதரைக்கு, ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல், ஜோனாஸ் வந்தான். நெடுவல். வாசலில் குவிந்துகிடந்த செருப்புகளைப் பார்த்ததும் ஒருவரும் சொல்லாமலே தன் பனிச்சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தான். ஜெயகுமாரி மாமிக்கு அந்த நிமிடமே அவனைப் பிடித்துப்போயிற்று. அவன் ரோசாப்பூ வளைவைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், ஆரணியைப் பார்த்தான்.

"இதை நகர்த்த முடியாதா?"

முடியும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சித்தப்பாவும் பிரசாந்தனும் இரண்டு நிமிடத்தில் இழுத்துவிடுவார்கள். சித்தி அழுவார், சண்டை பிடிக்கமாட்டார். ஆரணி நிறைகுடத்தைப் பார்த்தாள்.

"முடியாது. இப்படியே ஆடுகிறேன்."

"உள்ளே ஓடிவந்து போட இடமில்லை. தூர நின்று எறிவது மட்டும்தான் மிச்சம்." ஜோனாஸ் அவளை உற்றுப் பார்த்தான். "நீ அதைத்தான் செய்யமாட்டாய் என்று ஒகையோவில் சொன்னார்கள்."

"தெரியும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல்தான். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க ஆரணி நினைக்கவில்லை. சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

குடத்தைக் காப்பாற்ற வழி சொன்னது ஜெயகுமாரி மாமி. சாப்பாட்டு மேசைக்கு விரிக்க வைத்திருந்த நீளத் துணியை எடுத்து, ஒரு நுனியைச் சித்தப்பாவும் மறு நுனியைப் பிரசாந்தனும் குடத்துக்கு மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். விழுகிற பந்து துணியில் விழும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள். சித்தி தலையில் கைவைத்துக்கொண்டு மேடையோரம் நின்றார். "மெல்லமா எறி, பிள்ளை," என்றார். மெல்ல எறிந்தால் கூடைக்குப் போகாது என்று அவருக்கு யார் சொல்வது.

முதல் பந்து வலைக்குள் இறங்கித் துணியில் தொப்பென்று விழுந்தது. மாமி கைதட்டினார். இரண்டாவதும் அப்படியே. ஆரணியின் தோள் இளகியது. தனியே நின்று எறிவதில் அவளுக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. பயிற்சியில் அவள் சிங்கம். ஆட்டத்தில்தான் வடைக்கதை.

அது ஜோனாஸுக்கும் தெரியும். அவன் மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்கு எதிரே வந்து நின்றான். காலுறை வழுக்க வழுக்க, கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டித் தடுத்தான். ஆரணி இடப்பக்கம் ஏமாற்றி வலப்பக்கம் வெட்டினாள். ஜோனாஸ் ஒருகணம் பின்தங்கினான், கூடை நேரே தெரிந்தது. அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலே பந்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டன. பக்கத்தில் நின்றது சித்தப்பா. பந்து அவர் நெஞ்சில் போய் மோதியது.

"ஐயோ!"

"அவர் உன் அணியில் இல்லை," என்றான் ஜோனாஸ். அவன் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஆரணி, நீ போட்ட பந்துகளை வீடியோவில் நிறையப் பார்த்துவிட்டேன். இதைப் பார்க்கவா நான் வந்தேன்?"

அவளுக்கு முகம் சுட்டது. ஒகையோவில் வாங்கிலில் இருந்த நாட்கள், ஒபரேசன் செய்த காலோடும் அவளுடைய பழைய ஆட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்க்கும் அப்பா, எல்லாம் ஒருமித்து நினைவில் வந்தன. இன்றைக்கு எறியாவிட்டால் இனி எறிய இடமே இல்லை. பந்தை வாங்கி மூலைக்குப் போனாள். எல்லாவற்றிலும் கடினமான இடம் அதுதான். அங்கிருந்து கூடையின் விளிம்பு மட்டும்தான் தெரியும், கூடைக்குப் பின்னாலுள்ள பலகை உதவாது. ஜோனாஸ் பாய்ந்து வந்தான். அவன் விரல்கள் கண்ணை மறைத்தபோதும் எறிந்தாள்.

பந்து கூடையின் பின்விளிம்பில் பட்டுக் கிளம்பியது. சித்தப்பா துணியோடு ஒரு பக்கம் ஓட, பிரசாந்தன் மறுபக்கம் ஓட, பந்து இருவருக்கும் நடுவே இறங்கித் தேங்காயில் மோதியது. குடம் ஆடியது. தண்ணீர் சிந்தி அரிசி நனைந்தது. தேங்காய் மேடைக் கம்பளத்தில் உருண்டு, சித்தியின் காலடியில் போய் நின்றது. பந்தும் அதன் பின்னாலேயே போய் நின்றது.

மாமி வாயைப் பொத்திக்கொண்டார். சித்தி குனிந்து தேங்காயை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடையவில்லை. ஆனால் அவர் கண் நிறைந்துவிட்டது.

ஆரணிக்கு ஓடிப்போய் அவர் காலில் விழவேண்டும்போல இருந்தது. மன்னிப்புக் கேட்டு, பந்தைப் பையில் போட்டு, ஜோனாஸுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. இவ்வளவு நாளும் அவள் செய்தது அதைத்தானே. ஒன்று தவறினால் அடுத்ததை வேறொருத்தியிடம் கொடுத்துவிடுவது. அவள் மூலையை விட்டு நகரவில்லை.

"சித்தி," என்றாள். "பந்தைத் தாங்கோ."

சித்தி நிமிர்ந்தார். "இன்னும் எறியப்போறியோ?"

"ஓம்."

"இவ்வளவு நடந்தாப் பிறகுமோ?"

"ஓம் சித்தி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா எறியத்தான் போறன்."

இந்தப் பிள்ளை தன்னிடம் ஒன்றை விடாமல் கேட்பது இதுதான் முதல் தடவை என்று சித்திக்குத் தோன்றியிருக்க வேண்டும். முதல்நாள் வந்து இறங்கியதிலிருந்து தேத்தண்ணீருக்குச் சீனிகூடக் கேட்டு வாங்காத பிள்ளை. சித்தி மேடைக்கு முன்னால் போனார். ஒரு கணம் கைகூப்பினார். பிறகு, யாரும் எதிர்பாராமல், நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சத்தியா, என்ன செய்யிறாய்!" மாமி பதறினார்.

"அசைக்கக்கூடாதெண்டு நான்தானே சொன்னன். இப்ப அசைஞ்சு போச்சு. தலைக்கு மேலை வெள்ளம் போனாப் பிறகு சாணென்ன, முழமென்ன?" சித்தி கணவரைப் பார்த்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? விளக்கை எடுத்து வையுங்கோ. கதிரையை இழுங்கோ. பிள்ளைக்கு இடம் வேணும்."

சிங்கக் கதிரை தரையில் கிறீச்சிட்டது. ரோசாப்பூ வளைவு ஆடி ஆடிச் சுவரோரம் போனது. பிரசாந்தன் காலையில் பட்ட பாடெல்லாம் வீண் என்று முணுமுணுத்தாலும், மேடைப் பலகையை முதலில் தூக்கியது அவர்தான். சித்தி சுவரோரம் நின்றார், இடுப்பில் குடம், ஒரு கையில் தேங்காய். காலால் பந்தைத் தட்டிவிட்டார்.

"எறி," என்றார்.

அதே மூலை. ஜோனாஸ் மறுபடியும் பாய்ந்தான், இந்த முறை முன்னைவிட வேகமாக. ஆரணி எறிந்தாள். வலை சலசலத்தது. அடுத்தது விளிம்பில் பட்டு வெளியே போனது. ஓடிப் பொறுக்கி வந்து அதே இடத்திலிருந்து திரும்பவும் எறிந்தாள். அதற்குப் பிறகு எது விழுந்தது, எது தவறியது என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வெட்டி உள்ளே ஓடினாள், பின்னால் பாய்ந்து எறிந்தாள், ஜோனாஸ் காலுறை வழுக்கி ஒருமுறை பொத்தென்று விழுந்தான், அப்போதும் நிற்காமல் எறிந்தாள். அவன் தரையில் இருந்தபடியே சிரித்தான். அன்றைக்கு முதல் தடவையாக.

போகும்போது வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"வீடியோவில் எல்லாரும் விழுந்த பந்துகளைத்தான் அனுப்புவார்கள். தவறிய பிறகு என்ன செய்கிறாய் என்று பார்க்கத்தான் வந்தேன். நான் ஓம் என்று சொல்லப்போகிறேன். முடிவு எங்கள் தலைமைப் பயிற்சியாளருடையது." மாமி அவன் கையில் ஒரு பை நிறையப் பயற்றம் பணியாரத்தைத் திணித்தார். அது ஹம்மர்பெஸ்ட் வரைக்கும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

பதினொரு மணிக்கு ஐயர் வந்தபோது மேடை பழைய இடத்தில் நின்றது. புது இலை, புது அரிசி, புதுத் தேங்காய், அதே பித்தளைக் குடம். ஐயரின் கண் கூர்மை. கம்பளத்தில் ஊறியிருந்த ஈரத்தைக் கண்டதும் நின்றார்.

"குடத்தை ஆரோ அசைச்சிருக்கினம் போலை?"

ஆரணி வாயைத் திறக்கும் முன் சித்தி முந்திக்கொண்டார்.

"நான்தான் ஐயா. ராகுகாலத்துக்கு முன்னம் வைக்கவேணுமெண்ட அவசரத்திலை கோணலாய் வைச்சிட்டன். பிறகு எடுத்து ஒழுங்காய் வைச்சனான்."

ஐயர் தலையாட்டினார். யாழ் கூறைப்பட்டு உடுத்தி, சடைநாகம் பின்னி, ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள். தோழியாக நின்ற ஆரணியின் தலை ரோசாப்பூ வளைவின் சரிந்த ஓரத்தில் இடித்தது. சனம் இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. பன்னிரண்டுக்குக் குளிக்கப் போகும் என்ற சித்தப்பாவின் கணக்கும் பிழைத்தது.

இரவு ஹம்மர்பெஸ்டிலிருந்து செய்தி வந்தது. தலைமைப் பயிற்சியாளரும் ஓம் என்றுவிட்டார், ஆவணியில் வரச்சொல்கிறார். ஆரணி முதலில் ஹாகனுக்கு எடுத்தாள். அப்பா அழுதார், அம்மா அப்பாவை ஏசினார், பிறகு அவரும் அழுதார்.

ஞாயிறு காலை விமான நிலையத்துக்குப் போகச் சித்தப்பா காரைக் கிளப்பியபோது, சித்தி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு தேங்காய். மஞ்சள் பூச்சு ஒரு பக்கம் உரிந்திருந்தது. ஆரணிக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

"சித்தி, இது..."

"குடத்துக்குத்தான் வைக்கக்கூடாது. வழிக்கு உடைக்கலாம்."

வழக்கமாக இதை ஆண்கள்தான் செய்வார்கள். சித்தப்பா இறங்கக் கதவைத் திறந்தார், சித்தி கையால் தடுத்தார். கார்ச் சில்லுக்கு முன்னால் பனிச்சேறு ஒதுங்கிய இடமாகப் பார்த்து நின்றார், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார், தேங்காயைத் தலைக்கு மேலே உயர்த்தி ஓங்கி அடித்தார். தேங்காய் சரிபாதியாகப் பிளந்து, தண்ணீர் தார்ச்சாலையில் ஓடியது. மாடியில் ஒரு நோர்வேக் கிழவர் யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஆரணி குனிந்து சித்தியைக் கட்டிக்கொண்டாள்.

சித்தி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "வாங்கிலிலை இருக்கிறதுக்கு நான் தேங்காய் உடைக்கேல்லை. போய் எறி."